உள்ளே பலகை

ஜனவரி 4, ஞாயிறு

மன்றக் கூட்டம். வந்தவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் உளுந்தவடைக்காக வந்தவர்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

செவல்குளம் வரலாற்று மன்றம் என்று போர்டு எழுதி மாட்டி ஆறு வருஷம் ஆகிறது. ஊருணிக் கரையில் குப்புறக் கிடந்த கல்வெட்டை நிமிர்த்தி வைத்தோம். வீடு வீடாகப் போய்ப் பழைய போட்டோக்கள் சேர்த்தோம். ஒரு தடவை மரபு நடை போனோம், மூன்று பேரை நாய் கடித்தது. இந்த வருஷம் தலைவர் ஜெபமணி சார் பெரிய காரியத்தில் கை வைத்திருக்கிறார். பொன்னரங்கன் மில்லை இடித்த பிறகு மிஞ்சி நிற்பது வாசல் பக்கத்து டைம் ஆபீஸ் அறை ஒன்றுதான். அதை நகராட்சி எங்களுக்குக் கொடுத்துவிட்டது. சின்னதாக ஒரு காட்சிக்கூடம் அமைத்துக் குடியரசு தினத்தன்று திறக்க வேண்டுமாம்.

ஜெபமணி சார் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் கழுத்தில் விசில் தொங்குகிறது. கூட்டத்தில் யாராவது வளவளவென்று பேசினால் ஊதிவிடுவார். செயலாளர் என்ற முறையில் என்னை மட்டும் ஊத மாட்டார். நான் முறைப்பேன்.

ஜனவரி 6, செவ்வாய்

டைம் ஆபீஸைத் திறந்து பார்த்தோம். பல்லி எச்சமும் புறா எச்சமும்தான். சுவரில் இரண்டு மரப்பலகைகள் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் 'வெளியே' என்றும் இன்னொன்றில் 'உள்ளே' என்றும் பெயிண்டில் எழுதியிருக்கிறது. இரண்டிலும் வரிசை வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு நம்பர்.

எனக்கு இந்தப் பலகை புதிதில்லை. என் வீட்டுக்காரர் அந்த மில்லில் வேலை பார்த்தவர், இவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மில்லில் ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. வேலைக்கு வரும்போது 'வெளியே' பலகையிலிருந்து தன் வில்லையை எடுத்து 'உள்ளே' பலகையில் மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்து போகும்போது திரும்ப வெளியே. பலகையைப் பார்த்தால் யார் உள்ளே இருக்கிறார், யார் இல்லை என்று தெரிந்துவிடும்.

மில்லை மூடிய அன்று இவர் பகல் ஷிப்ட். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மத்தியானம் கரண்டை நிறுத்தி, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். ஆத்திரத்தில் ஆளாளுக்கு 'உள்ளே' பலகையிலிருந்து வில்லையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வெளியே மாட்டியவர் யாரும் இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

இவரைப் பார்த்துக்கொள்ள ஒத்தாசைக்கு வருகிற செல்லக்கனி இன்று வரவில்லை. இவரைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, கஞ்சி ஊட்டுவதற்குள் என் இடுப்பு போய்விட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

நேற்றும் இன்றும் வில்லை வசூல். "காட்சிக்கு வைக்கிறோம், பத்திரமாகத் திரும்பத் தருவோம்" என்று வீடு வீடாகச் சொன்னேன். ஒரு வீட்டில் குழந்தை அரைஞாணில் கோத்திருந்தார்கள். ஒரு வீட்டில் ஆடுகிற பீரோவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். கருத்தப்பாண்டி அண்ணாச்சி மட்டும் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். அவர் இவருக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர். அவர் மகள் பேச்சித்தாய்தான், "குடுங்கப்பா, மதினி நம்மளை ஏமாத்தவா போறாவ" என்று வாங்கிக் கொடுத்தாள்.

இவருடைய வில்லை, பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது ஷேவிங் டப்பாவுக்குள் அகப்பட்டது. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக இவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வலது பக்கம் மரம். ஊரில் ஆவுடையப்பன் என்றால் பேச்சுக்குப் பேர்போனவர். டீக்கடையில் அவர் பேச உட்கார்ந்தால் கடைக்காரர் கல்லாவை மறந்துவிடுவார். வில்லையைக் கண்ணுக்கு நேராகக் காட்டி, "காட்சிக்குக் குடுக்கட்டுமா?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 24, சனி

அறை பளபளவென்று இருக்கிறது. ஒரு மூலையில் கண்ணாடிப் பெட்டி. அதில் மில்லில் நூல் சுற்றிய பாபின், தொழிற்சங்க பேட்ஜ், அப்புறம் என் ஹெட்போன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது தலையில் மாட்டியது. ஊரின் தொழில் வரலாற்றில் எக்ஸ்சேஞ்சும் சேர்த்திதானே என்று நானே சிபாரிசு செய்து நானே ஒப்புதல் கொடுத்துக்கொண்டேன்.

வில்லைகளை எங்கே மாட்டுவது என்று பேச்சு வந்தது. 'வெளியே' பலகை ஜன்னலை ஒட்டி இருக்கிறது.

"அங்க வெயில் அடிக்கும் மேடம், கண்ணு கூசும்" என்றார் ஜெபமணி சார். "எல்லாத்தையும் 'உள்ளே' பலகையில மாட்டிருவோம். அதுதான் வாசலுக்கு நேரா இருக்கு. போட்டோல நல்லா விழும்."

பிரஷ் போட்டுத் துலக்கிய பித்தளை. நம்பர் பார்த்து ஒவ்வொன்றாக நானே மாட்டினேன். இவருடையதைக் கடைசியாக மாட்டினேன். பலகை நிறைந்து ஜொலித்தது. மாட்டி முடித்ததும் தரை லேசாக அதிர்ந்த மாதிரி இருந்தது. பைபாஸில் லாரி போயிருக்கும்.

ஜனவரி 26, திங்கள்

திறப்பு விழா அமோகம். நகராட்சித் தலைவி ரிப்பன் வெட்டினார். லட்டு போதவில்லை.

ஒன்று மட்டும் நெருடல். மில்லில் வேலை பார்த்த பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தோம். அறைக்குள் வாருங்கள் என்று கூப்பிட்டால் ஒருவரும் வரவில்லை. வாசல்படியில் நின்று பலகையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கருத்தப்பாண்டி அண்ணாச்சி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பஞ்சு பறக்கிற இடத்தில் மில்காரர்கள் அப்படித்தான் பொத்திக்கொள்வார்கள்.

"எங்களை ஏம்மா உள்ள போட்டுட்டீய?" என்று கேட்டார்.

"சும்மா காட்சிக்குத்தான் அண்ணாச்சி" என்றேன். அவர் லட்டு வாங்காமல் போய்விட்டார்.

ஜனவரி 28, புதன்

மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது இவருடைய வலது கை அசைந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ பிடித்து முறுக்கின. செல்லக்கனியும் பார்த்தாள். இரண்டு பேரும் கத்திவிட்டோம்.

ஜனவரி 31, சனி

"வடிவு" என்று கூப்பிட்டார்.

கையில் இருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். சண்முகவடிவு என்கிற என்னை ஊர் எப்படியெல்லாமோ கூப்பிட்டிருக்கிறது. இந்த ஒரு குரலுக்குத்தான் இரண்டு வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கட்டிப்பிடித்து அழுதேன். அவர் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, "சத்தமா பேசு, மெஷின் சத்தத்துல கேக்கல" என்றார். சத்தமாகப் பேசினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

டாக்டர் போனில், சிலருக்கு இப்படித் தேறுவது உண்டு என்றார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இவர் கட்டிலை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்து நடக்கிறார். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் போகிறார், வருகிறார். விரல் ஓயாமல் முறுக்குகிறது. ஸ்பின்னிங்கில் இவருக்கு அதுதான் வேலை: மெஷின் ஓரமாக நடந்துகொண்டே அறுந்த இழையை முடிவது. பழைய வேலைப் பழக்கம் உடம்பை எழுப்பிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலம் பேச்சித்தாய் வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"மதினி, எங்கப்பா சாப்பிட மாட்டேங்காவ. தூங்க மாட்டேங்காவ. படுங்கப்பான்னா, ஷிப்ட் முடியலைங்காவ. அந்த வில்லையைத் திருப்பிக் குடுத்திருங்க."

"வயசாயிட்டுன்னா அப்படித்தாம்மா இருக்கும்."

"எங்கப்பா மட்டும்னா நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். எங்க தெருவுல வில்லை குடுத்த வீடு பூரா இதே கதைதான்."

காட்சி மார்ச் வரைக்கும் உண்டு, நடுவில் எடுத்தால் பலகை பொக்கையாகத் தெரியும், கூட்டத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். உள்ளே இவர், "யாரு வடிவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் பேச்சித்தாய்க்கும் கேட்டது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 5, வியாழன்

தலையணை மேல் பஞ்சு. இவர் புருவத்தில் பஞ்சு. காது மடலில் பஞ்சு. தலையணை உறையைப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லாம் இலவம்பஞ்சு. இது பருத்தி.

துடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கூட்டத்தில் நான் பேச்சித்தாய் விஷயத்தை எடுக்கவில்லை. வரவு செலவு, வடை, அடுத்த மாத மரபு நடை என்று நேரம் போய்விட்டது. ஜெபமணி சாரே, "வில்லையைத் திருப்பிக் கேக்காங்கன்னு காதுல விழுந்துச்சே" என்றார். காட்சி முடியட்டும் சார் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் முப்பது வருஷத்துக்கு முந்தின கேலி ஒன்றைச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார். கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்தைப் பற்றியது. வயிறு வலிக்கச் சிரித்தேன். இதை யாரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள்?

பிப்ரவரி 11, புதன்

கருத்தப்பாண்டி அண்ணாச்சி காலமாகிவிட்டார். நின்றபடியே போனாராம்.

பிப்ரவரி 12, வியாழன்

அண்ணாச்சி வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு தெரிந்தது. அது வழக்கம்தானே என்று மாலையைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் நாவிதர் உள்ளே வந்து, "மூக்குக்கு வைக்கப் பஞ்சு எடுத்துட்டு வாங்க, இன்னும் வைக்கல" என்றார்.

பேச்சித்தாய் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 15, ஞாயிறு

அவசரக் கூட்டம். வில்லைகளை உடனே திருப்பிக் கொடுப்பதென்று முடிவு. அறைக்கு வெளியே வீட்டுக்காரர்கள் நின்றார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் 'வெளியே' பலகையில் மாட்டி, பிறகு அங்கிருந்து கழற்றிக் கொடுத்தேன். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை, என் கை தானாகச் செய்தது. ஜெபமணி சார், "என்ன மேடம் பூஜை மாதிரி" என்று சிரித்தார்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"இது உங்க வீட்டுதுதானே?" என்றார்.

"எங்களுக்கு அவசரமில்லை சார். வெறும் பலகையா இருந்தா பாக்க நல்லா இருக்காது" என்றேன்.

சாயங்காலம் பேச்சித்தாய் தெருவில் வில்லைகள் திரும்பி வந்த வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்களாம். செல்லக்கனி சொன்னாள். இவர் படுக்கவில்லை. படுக்காவிட்டால் என்ன, பேசிக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 18, புதன்

நடை வேகமாகிவிட்டது. ஓட்டம் என்றே சொல்லலாம். கூடத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும். பிடித்து உட்கார வைத்தால் திமிறுகிறார்.

"எல்லாரும் போயிட்டாவ வடிவு. கருத்தப்பாண்டியும் போயிட்டான். அத்தனை மெஷினையும் நான் ஒருத்தனே பாக்கேன். இங்க முடிஞ்சா அங்க அறுது."

"நிறுத்திட்டு வாங்களேன்" என்றேன்.

"நான் நிறுத்த முடியுமா? நீ என்ன பேசுத?"

பிப்ரவரி 20, வெள்ளி

விரல் நுனியெல்லாம் இழை அறுத்த கோடு. ரத்தம். மருந்து போடப் பிடித்தால் கை நிற்க மாட்டேன் என்கிறது. எடை குறைந்து வேஷ்டி நிற்கவில்லை. ரசம், கேலி எல்லாம் நின்றுபோய்விட்டன. இன்று முழுக்க என்னை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "தள்ளு, வழிய விடு" என்று மட்டும் சொன்னார்.

செல்லக்கனி, "அக்கா, மாமா முன்ன மாதிரி கிடந்தாவன்னாகூட நல்லாயிருந்திருக்கும்" என்றாள். சுள்ளென்று விழுந்தேன். அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே விழுந்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலையில் டைம் ஆபீஸுக்குப் போனேன். இவருடைய வில்லையை 'உள்ளே'யிலிருந்து எடுத்தேன். பித்தளை சுட்டது. வெயில் படாத பலகை. 'வெளியே' மாட்டினால் அந்தக் குரல் போய்விடும் என்று தெரியும். நின்றேன். பிறகு 'வெளியே'யில் மாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். நாக்கு வறண்டு, உதடு வெடித்து.

"வெளியே மாட்டிட்டேங்க. வந்துருங்க" என்று காதில் கத்தினேன்.

"மாத்தாள் வரலையே" என்றார். "மாத்தாள் வந்து மெஷினைத் தொட்டாத்தானே நான் கைய எடுக்க முடியும்?"

மற்றவர்கள் போனபோது அவர்களுக்கு மாத்தாளாக இவர் இருந்திருக்கிறார். இவரை நான்தான் அங்கே விட்டுவைத்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

எக்ஸ்சேஞ்சிலும் இதே சட்டம்தான். அடுத்த ஆள் வந்து பக்கத்தில் நின்று, நாம் கழற்றுகிற ஹெட்போனை வாங்கித் தலையில் மாட்டிய பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் நூற்றிமூன்று. மாத்தாள் பஸ் கிடைக்காமல் வரவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். வாசலில் இவர் சைக்கிளோடு காத்து நின்றார், கோபத்தில் மேற்பார்வையாளரிடம் சண்டைக்கே போய்விட்டார்.

இன்று இவருக்கு நிற்கவும் முடியவில்லை. தவழ்ந்து போய் முடிகிறார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து என் ஹெட்போனை எடுத்தேன். 'உள்ளே' பலகையில், இவர் ஆணியில் மாட்டினேன்.

பிப்ரவரி 25, புதன்

தூங்குகிறார். நேற்று நான் வீடு திரும்பும்போதே தரையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். செல்லக்கனியும் நானும் தூக்கிக் கட்டிலில் போட்டோம். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. புருவத்தில் பஞ்சு இல்லை.

எழுந்தபோது, "என்னங்க" என்றேன். பார்த்தார். வாய் திறக்கவில்லை. வலது கை பழையபடி மரம். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அவருக்கும் எனக்கும். கஞ்சி ஊட்டினேன். முழுக்கக் குடித்தார்.

மார்ச் 1, ஞாயிறு

சமையல் பண்ணும்போது விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, விரலுக்கு நடுவில் ஒரு முறுக்கு. பழகிக்கொண்டேன். சத்தம்தான் காதைப் பிளக்கிறது. செல்லக்கனி சொல்வது கேட்பதில்லை. எக்ஸ்சேஞ்சில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேச்சைக் கேட்ட காது இது.

அவள் என் கொண்டையைப் பிரித்து எதையோ எடுத்துப் போட்டாள். "தலையணையைத் தூக்கிப் போடுங்கக்கா, பூரா பஞ்சு" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

தலை சுற்றிக் குளியலறையில் விழுந்துவிட்டேன். விழுந்த இடத்திலும் விரல் நிற்கவில்லை.

எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவரைத் திருப்பிப் படுக்க வைக்க யார் இருக்கிறார்கள்? பிள்ளை இல்லை. செல்லக்கனிக்கும் குடும்பம் இருக்கிறது. கருத்தப்பாண்டி அண்ணாச்சி நின்றபடியே போனார். இவர் போகிற வரைக்கும் நான் இருந்தாக வேண்டும். அதற்குக் குறைந்து எதற்கும் நான் ஒத்துக்கொள்ள முடியாது. அதில் நல்லது கெட்டது பார்க்கிற நிலையில் நான் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

மன்றக் கூட்டம். வடை நன்றாக இருந்தது என்றார்கள். எனக்குப் பஞ்சை மெல்கிற மாதிரி இருந்தது.

"ரொம்ப இளைச்சிட்டீங்களே மேடம்" என்றார் ஜெபமணி சார். "வீட்டுல சாருக்குத் திரும்பவும் முடியலைன்னு கேள்விப்பட்டேன். மனசு கஷ்டமா இருந்துச்சு." உண்மையாகத்தான் சொன்னார். நல்ல மனிதர். காலையில் இன்னமும் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார், மூச்சு வாங்குவதில்லை. கால் இரண்டும் உருக்கு.

காட்சிக்கூடத்தில் பள்ளிக்கூடத்து ஞாபகம் ஒன்றுமே இல்லையே சார் என்று ஆரம்பித்தேன். இந்த ஊரில் பாதிப் பேர் உங்கள் விசிலுக்கு ஓடி வளர்ந்தவர்கள் அல்லவா என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கூச்சத்தோடு கழுத்திலிருந்து கழற்றி, சட்டையில் துடைத்து, என் கையில் வைத்தார். நூல்கயிறு கட்டிய பித்தளை விசில். ஆணியில் தொங்க வாகாக இருக்கும்.

"எங்க மாட்டப் போறீங்க மேடம்?" என்று கேட்டார்.

"போட்டோல நல்லா விழுற இடமா பாத்து மாட்டுதேன் சார்" என்றேன்.